பழைய விசைப்படகு எஞ்சின்: பிரித்துப் புதுப்பிப்பதா, மாற்றிவிடுவதா?

தேவகோட்டைவாசி:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் அத்தானும் பங்காக ஜெகதாப்பட்டினத்தில் ஒரு மர விசைப்படகு வைத்திருக்கிறோம். கடலுக்குப் போவதும் ஆட்களைப் பார்த்துக்கொள்வதும் அத்தான் பொறுப்பு. கணக்கும் பழுதுவேலையும் தேவகோட்டையில் இருக்கும் என் பொறுப்பு. ஏப்ரல் 15ஆம் தேதி தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதியோடு முடிகிறது. இந்த 61 நாட்களுக்குள் எஞ்சினுக்கு ஒரு வழி செய்தாக வேண்டும் என்பதால், விவரம் தெரிந்தவர்களின் யோசனையைக் கேட்டு எழுதுகிறேன்.

லாரி எஞ்சினையே கடலுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்த ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் அது. உள்ளே நன்னீர் சுற்றிவரும். அந்த நன்னீரை ஹீட் எக்ஸ்சேஞ்சரில் கடல்நீர் குளிர்விக்கும். லைனரின், அதாவது பிஸ்டன் ஓடும் குழலின், வெளிப்புறத்தில் தண்ணீர் படும் வகை. படகை நாங்கள் வாங்கியபோதே எஞ்சினுக்கு வயதாகியிருந்தது. இப்போது இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாது.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெகுநேரம் சுற்றிய பிறகே பிடிக்கிறது. பிடித்ததும் வெள்ளைப் புகை வருகிறது. சூடேறிய பிறகு அது நீலமாக மாறி அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு முறை கரை திரும்பும்போதும் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. வலை இழுத்து முடித்து எஞ்சினைக் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவந்தால் ஆயில் பிரஷர் முள் கீழே படுத்துவிடுகிறது. மேல் தொட்டியில் தண்ணீர் குறைகிறது, ஆனால் ஆயிலில் தண்ணீர் கலந்ததற்கான பால் நிறம் இல்லை. வலை இழுக்கும்போது சூடு ஏறுகிறது என்பதற்காக தண்ணீரின் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை முன்பே யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகும் சூடு குறையவில்லை என்று அத்தான் சொல்கிறார்.

காரைக்குடியில் நாங்கள் கேட்ட பட்டறையில், முழுவதும் பிரித்து லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகை புதிய எஞ்சின் விலையில் பாதியை நெருங்குகிறது. கரையில் உள்ள நண்பர்களோ, கழித்த லாரியிலிருந்து ஒரு நல்ல எஞ்சினை வாங்கிப் பொருத்திவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார்கள். எந்த வழி சரி? புதுப்பிப்பது என்றால், பட்டறை வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்பதை என்னைப் போன்றவர் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

கோட்டைப்பட்டினம் மெக்கானிக்:

வணக்கம் அண்ணன். படகு இன்னும் தண்ணீரில்தான் நிற்கிறது என்றால், தயவுசெய்து எஞ்சினை உடனே இறக்கிவிடாதீர்கள். ஓடும் எஞ்சின் சொல்லும் செய்திகள் பல. பிரித்துப் போட்ட பிறகு அவற்றில் பாதி கிடைக்காது. இறக்குவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கிக் கீழே சொல்லும் சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, டீசல் தெளிக்கும் நோசில்களைக் கழற்றிவிட்டு, டீசல் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி ஆறு சிலிண்டர்களையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அளவு தவறாக வரும். இந்த வகை எஞ்சின்களில் நல்ல நிலையில் 350 முதல் 450 பி.எஸ்.ஐ. வரை காட்டும். ஆனாலும் அந்த எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசமே முக்கியம். ஆறும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் அது தேய்மானம். ஒன்றிரண்டு மட்டும் விழுந்திருந்தால் வால்வோ, உடைந்த ரிங்கோ, கேஸ்கட்டோ காரணமாக இருக்கலாம். அதற்காக எஞ்சின் முழுவதையும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, ஆயில் பிரஷர். டாஷ்போர்டில் இருக்கும் மீட்டரை நம்பாமல், ஆயில் பாதையில் நேரடியாகப் பொருத்தும் கேஜ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஓரளவு நம்பக்கூடிய கணக்கு, ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ. வீதம் இருக்க வேண்டும் என்பது. சூடான எஞ்சினில் அதற்கும் கீழே போனால் பேரிங் தேய்ந்திருக்கலாம், ஆயில் பம்பு தேய்ந்திருக்கலாம், அல்லது ஆயிலில் டீசல் கலந்து இளகியிருக்கலாம். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் சொட்டும் நோசிலையும் ஃபீட் பம்பையும் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, தண்ணீர். நீங்கள் எழுதியதில் என் கவனத்தை இழுத்தது இதுதான். ஆயிலில் கலக்காமல் தண்ணீர் குறைகிறது என்றால் அது வேறெங்கோ போகிறது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய் ஓட்டை வழியாகக் கடல்நீரோடு கலந்து வெளியே போகலாம். தண்ணீர் சுற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு உள்ளுக்குள் அரித்துப்போய் சிலிண்டர் பக்கம் கசியலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் எனும் குறுக்கு வழியை மூடிவிடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமலே திரும்பி எஞ்சினுக்குள் வந்துவிடும். சூடு குறையட்டும் என்று கழற்றியதே சூட்டுக்குக் காரணமாகிவிடுவது இப்படித்தான். உங்கள் எஞ்சினின் கையேட்டில் எந்த வகை என்று பார்த்து, அதே வகைத் தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள்.

முடிவாக என் கருத்து: தண்ணீர்ப் பாதையை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் புதுப்பித்தால், போடும் பணம் இரண்டு பருவம்கூடத் தாங்காது. பட்டறைக்காரர் கொடுத்த மதிப்பீட்டில் ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஆயில் கூலர், கடல்நீர் பம்பு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நான்கும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது முழு வேலையின் மதிப்பீடு அல்ல.

தொண்டிக்கரை:

நான் எஞ்சினை மாற்றிவிடும் பக்கம். தடைக்காலத்தில் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் வேலைக்கு வருவதால் பட்டறைகளில் வரிசை நிற்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை அரைக்கக் கொடுத்தால் அது எப்போது திரும்பி வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நல்ல எஞ்சின் ஒன்றை ஓட்டிப் பார்த்து வாங்கிவிட்டால், பழையதை நிதானமாக அடுத்த ஆண்டுக்குள் செய்து கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் லாரியில் இருந்த எஞ்சின் அப்படியே படகுக்கு வந்துவிடாது என்பதை மறக்க வேண்டாம். மேனிஃபோல்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சர், கடல்நீர் பம்பு, கியர்பாக்ஸைச் சேர்க்கும் ஹவுசிங் ஆகியவை பழைய எஞ்சினிலிருந்து மாறியாக வேண்டும். படகில் எஞ்சின் சாய்ந்து உட்காருவதால் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் அமைப்பையும் பார்க்க வேண்டும். டீசல் பம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரையும் படகு ஓட்டத்துக்கு ஏற்றபடி பம்பு ரூமில், அதாவது டீசல் பம்பு பட்டறையில், சரிசெய்ய வேண்டும்.

புதுவயல் பிட்டர்:

தம்பிக்கு வணக்கம். புதுவயலில் அரிசி ஆலை எஞ்சின்களில் தொழில் பழகி, பிறகு கடற்கரைப் பக்கம் படகு எஞ்சின் வேலைக்குப் போய், இப்போது ஓய்வில் இருக்கிறேன். தொண்டி நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் கழித்த லாரி எஞ்சினை வாங்குவது, நமக்குத் தெரிந்த தேய்மானத்தைக் கொடுத்துத் தெரியாத தேய்மானத்தை வாங்குவதாகும். லாரி எஞ்சின் மேட்டில் உழைத்து இறக்கத்தில் மூச்சு வாங்கும். இழுவலைப் படகின் எஞ்சினுக்கோ வலை தண்ணீரில் இருக்கும் மணிக்கணக்கு முழுவதும் மலையேற்றம்தான். லாரியில் நன்றாக ஓடியது என்பது படகுக்குச் சான்றாகாது. பிரிப்பதா மாற்றுவதா என்பதை மைக்ரோமீட்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்; வாய்ப்பேச்சைக் கேட்டுச் செய்யாதீர்கள்.

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் லைனரை அளக்கச் சொல்லுங்கள். மேலே, நடுவில், கீழே என மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் கிராங்க் வாக்கில் ஒரு முறையும் அதற்குக் குறுக்கே ஒரு முறையும், ஆக ஒரு லைனருக்கு ஆறு அளவுகள். தேய்மானம் மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில்தான் மிகுதியாக இருக்கும். பிஸ்டன் அங்கே ஒரு கணம் நின்று திரும்புவதால் ஆயில் படலம் மெலிந்துவிடுகிறது. வெடிப்பின் அழுத்தமும் சூடும் அங்கேதான் உச்சத்தில் இருக்கின்றன. அதற்கு மேலே ரிங் தொடாத பகுதி தேயாமல் விளிம்பாக நிற்கும். நகத்தை வைத்து இழுத்தாலே தடுக்கும். கையேட்டில் உள்ள எல்லையைத் தாண்டிவிட்டால் புது ரிங் மட்டும் போட்டு ஒப்பேற்ற முடியாது. புது ரிங் அந்தப் பழைய விளிம்பில் முட்டி உடைந்துவிடும்.

கிராங்கை ஒவ்வொரு ஜர்னலிலும், அதாவது பேரிங்கில் சுற்றும் உருளைப் பகுதியிலும், அளந்து, நீள்வட்டமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அரைப்பது என்றால் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாகத்தான் அரைப்பார்கள். அந்தந்த அளவுக்கு ஏற்ற பேரிங் கடையில் கிடைக்கும். அரைப்பதற்கு முன்பு கிராங்கில் வெடிப்பு, அதாவது விரிசல், இருக்கிறதா என்று சோதனை செய்தே ஆக வேண்டும். அரைத்து வந்த கிராங்கை வாங்கும்போது நீங்களே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஜர்னல் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் மூலையில் ஒரு ரேடியஸ், அதாவது வழுவழுப்பான வளைவு, இருக்க வேண்டும். அவசர வேலையில் கல்லின் முனை பட்டு அந்த மூலை கூர்மையாகிவிட்டால், கிராங்க் பின்னாளில் அதே இடத்தில்தான் விரிசல் விடும். விரல் நுனியால் எல்லா மூலைகளையும் தடவிப் பாருங்கள். ஒன்றில் கோடு தட்டினாலும் அந்தக் கிராங்கை ஏற்காதீர்கள். மேற்பரப்பைக் கடினப்படுத்திய கிராங்காக இருந்தால், அரைத்த பிறகு அந்தக் கடினம் மிச்சம் இருக்கிறதா என்பதையும் பட்டறையில் கேட்க வேண்டும்.

பேரிங் இடைவெளிக்குக் கையேட்டு அளவே இறுதி. கையேடு கிடைக்காத பழைய எஞ்சின்களில், ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற கணக்கை வைத்து நாங்கள் வேலை செய்திருக்கிறோம். 75 மில்லிமீட்டர் ஜர்னல் என்றால் 0.05 முதல் 0.075 மில்லிமீட்டர் வரை. ரிங் இடைவெளி, 100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள லைனருக்கு ஏறக்குறைய 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. ரிங்கை லைனருக்குள் தனியாக விட்டு, பிஸ்டனால் கீழே தள்ளிச் சமப்படுத்தி, ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பெட்டியில் வந்த ரிங் சரியாகத்தான் இருக்கும் என்று அளக்காமல் மாட்டுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். இடைவெளி போதாமல் போனால் சூட்டில் ரிங்கின் முனைகள் முட்டிக்கொள்ளும். லைனரில் கீறல் விழும்.

லைனர் பொருத்தும் வேலையை நேரில் நின்று பாருங்கள். பிளாக்கில் லைனரின் காலர் உட்காரும் படியைத் துரு, பழைய பசை எதுவும் இல்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். முதலில் ஓ ரிங் இல்லாமல் லைனரை வைத்து, காலர் பிளாக்கின் மட்டத்தைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று டயல் கேஜால் அளக்க வேண்டும். அந்த உயரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதுதான், ஆனால் கேஸ்கட் பிடிப்பதும் பிடிக்காததும் அதில்தான் இருக்கிறது. ஓர் எஞ்சினில் ஆறு லைனர்களும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். பிறகு ஓ ரிங்கில் சோப்புக் கரைசலைத் தடவி, முறுக்காமல் இறக்க வேண்டும். இறக்கிய பின் ஓ ரிங் இருக்கும் மட்டத்தில் உள்விட்டத்தை மறுபடி அளந்தால், ஓ ரிங் புரண்டு லைனரை நெரித்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சம்ப்பை மூடுவதற்கு முன், தண்ணீர்ப் பாதையில் அழுத்தம் கொடுத்து ஓர் இரவு முழுவதும் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் கீழே காகிதம் விரித்துச் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை, பொறுமை மட்டும் வேண்டும். அதனாலேயே பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை.

கனெக்டிங் ராடு போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். பிளாக்கில் உள்ள ஆயில் பாதைகளின் முனை அடைப்புகளைக் கழற்றி, நீண்ட பிரஷ் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். அரைத்த தூள் அந்த வழியில் ஒளிந்திருந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்திலேயே புது பேரிங்கில் ஏறிவிடும்.

காரைக்குடி அரிப்பு ஆய்வாளர்:

மேலே எழுதியவர்கள் இயந்திரப் பக்கத்தை நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் உலோக அரிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபத்திலும் ஒரு பிரிவை வைத்துக் கடல் அரிப்பை ஆராய்ந்து வந்திருக்கிறது. அந்தத் துறையில் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவை இவை.

உங்கள் மேல் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கண்ணாடிக் குவளையில் எடுத்து, அதில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சில சொட்டுகள் விடுங்கள். ஏதாவது ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இதைச் செய்துகொள்ளலாம். தயிர் திரிந்ததுபோல் வெள்ளையாகத் திரண்டால் குளோரைடு மிகுதியாக இருக்கிறது, அதாவது கடல்நீர் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது நன்னீர்ப் பக்கத்தில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் ஓட்டை வழியே தண்ணீர் வெளியே போகும். எஞ்சின் ஆறும்போது அதே ஓட்டை வழியே கடல்நீர் உள்ளே வரும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் இயல்பாகவே ஓரளவு குளோரைடு உண்டு என்பதால், ஊற்றப் பயன்படுத்திய தண்ணீரையும் பக்கத்தில் ஒரு குவளையில் வைத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

லைனரைக் கழற்றியதும் அதன் வெளிப்புறத்தைக் கவனமாகப் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் அறையும் திசையில் மட்டும், ஊசியால் குத்தியதுபோல் ஒரே கோட்டில் குழிகள் இருந்தால் அது சாதாரணத் துரு அல்ல. பிஸ்டன் அறையும்போது லைனர் அதிர்கிறது. அதிர்வில் தண்ணீரில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடனே வெடித்து, உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலத்தைப் பெயர்த்துவிடுகின்றன. இது நாளடைவில் லைனரைத் துளைத்தே விடும். இதைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில் உள்ள அரிப்புத் தடுப்பான்தான். அதோடு, ரேடியேட்டர் மூடி போன்ற அழுத்த மூடி சரியாக வேலை செய்து, சுற்றில் அழுத்தம் நிற்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் குமிழி எளிதில் தோன்றும். உங்கள் எஞ்சினில் தண்ணீர் ஒழுகுவதால் அழுத்தமும் நின்றிருக்காது, அடிக்கடி வெறும் தண்ணீர் ஊற்றியதால் தடுப்பானும் நீர்த்துப் போயிருக்கும்.

கூலன்ட் கலக்கக் காய்ச்சி வடித்த நீரே சிறந்தது. அது கிடைக்காத இடத்தில், நம் செட்டிநாட்டு வீடுகளின் வளவில், அதாவது உள்முற்றத்தில், பிடித்து வைக்கும் மழைநீர் மிக நல்ல மாற்று. கடினத்தன்மையும் குளோரைடும் அதில் குறைவு. முதல் மழையை ஓடவிட்டு, ஓடு கழுவப்பட்ட பிறகு பிடித்த நீராக இருக்க வேண்டும். காரைக்குடியின் சம்பை ஊற்று நீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும், தடுப்பான் கலக்காமல் எந்த நீரையும் எஞ்சினில் ஊற்றக் கூடாது.

கடல்நீர்ப் பக்கத்தில் துத்தநாகக் கட்டைகள் இருக்கும். பித்தளையும் இரும்பும் செம்புக் கலவைகளும் ஒரே உப்புநீரில் நனையும்போது, அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு மற்றவற்றைக் காப்பது துத்தநாகத்தின் வேலை. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அதன் மேல் பெயின்ட் அடித்தாலோ, மரையில் டேப் சுற்றி மாட்டி உலோகத் தொடர்பை அறுத்துவிட்டாலோ அது இருந்தும் பயனில்லை. பல மாதங்கள் ஆகியும் கரையாமல் புதிதாகவே இருக்கும் கட்டையைப் பார்த்து மகிழ்ச்சி அடையாதீர்கள். தொடர்பு அறுந்து அது சும்மா இருக்கிறது என்பதே அதன் பொருள். நன்னீர்ப் பக்கத்தில் துத்தநாகம் போட வேண்டாம். சூடான நன்னீரில் அது இரும்பைக் காக்கும் தன்மையை இழந்துவிடும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரைச் சுத்தம் செய்யும்போது, முதலில் குழாய்களில் கம்பி விட்டு அடைப்பை எடுத்து, பிறகே அமிலக் கரைசலைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அலுமினிய மூடிகளைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கடைசியில் அழுத்தச் சோதனை.

தேவகோட்டைவாசி:

அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கம்ப்ரஷன் நான்கு சிலிண்டர்களில் ஓரளவு சீராகவும், பின்பக்கம் உள்ள இரண்டில் மிகவும் குறைவாகவும் இருந்தது. தண்ணீர்ச் சோதனையில் மேல் தொட்டி நீர் நன்றாகவே திரண்டது. ஊற்றப் பயன்படுத்தும் நீரில் லேசான மங்கல் மட்டுமே இருந்தது. ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் பிரித்ததில் குழாய்கள் பல சுண்ணாம்புபோல் படிந்து அடைத்திருந்தன. இரண்டு குழாய்களில் ஓட்டை. துத்தநாகக் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பித்தளை அடைப்பு இருந்தது. லைனர்களின் வெளிப்புறத்தில், ஆய்வாளர் ஐயா எழுதியபடியே, ஒரு பக்கம் மட்டும் குழிகள். பின்பக்க லைனர்களில் அவை ஆழமாக இருக்கின்றன. உட்புறத் தேய்மானம் ஆறிலும் எல்லையைத் தாண்டிவிட்டது. கிராங்கில் வெடிப்பு இல்லை. முதல் படி அரைத்தால் போதும் என்கிறார்கள். பிளாக்கின் படிகள் நன்றாக இருப்பதால் புதுப்பித்துவிடுவது என்று அத்தானும் நானும் முடிவு செய்துவிட்டோம். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் புதுக் குழாய்க்கட்டு போடுகிறோம்.

படகில் ஏற்றிய பிறகு கவனிக்க வேண்டியவற்றை யாராவது எழுதினால் உதவியாக இருக்கும். முன்பு முழு வேகம் கொடுத்தால் கறுப்புப் புகை வரும் என்பதையும் அத்தான் நினைவூட்டினார்.

கோட்டைப்பட்டினம் மெக்கானிக்:

கிராங்க் தப்பியது நல்ல செய்தி அண்ணன். கறுப்புப் புகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நோசில்களையும் பம்பையும் பம்பு ரூமில் சரிபார்த்து, காற்று வடிகட்டியும் சுத்தமாக இருந்து, அதன் பிறகும் கறுப்புப் புகை வந்தால், எஞ்சினால் தாங்க முடியாத புரொப்பல்லர் மாட்டியிருக்கிறது என்று பொருள். வலை இல்லாமல் முழு வேகம் கொடுத்து, டாக்கோமீட்டரில் சுற்று எண்ணிக்கையைப் பாருங்கள். எஞ்சின் தகட்டில் குறித்திருக்கும் முழுச் சுற்றை எட்டாமல் கீழேயே நின்றுவிட்டால் புரொப்பல்லரின் விட்டத்தையோ, இதழ்களின் சாய்வான பிட்ச்சையோ குறைத்தாக வேண்டும். இழுவை கூடும் என்று பெரிய புரொப்பல்லர் மாட்டும் பழக்கம் நம் கரையில் இருக்கிறது. புது லைனரை அதற்குப் பலி கொடுக்காதீர்கள். வலை இழுக்காமல் போய்வரும் நேரத்தில் அவசரப்படாமல் ஓட்டுவதும் எஞ்சினுக்கு நல்லது. புரொப்பல்லர் கேட்கும் சக்தி சுற்று எண்ணிக்கையின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால், சுற்றைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே எஞ்சின் மேல் விழும் பாரம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

சாஃப்ட் அலைன்மென்ட்டைக் கரையில் வைத்துப் பார்த்தது போதாது. மரப்படகு தண்ணீரில் இறங்கி ஊறியதும் அதன் உடல் கொஞ்சம் வளையும். இறக்கி ஓரிரு நாள் கழித்து, கியர்பாக்ஸ் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களுக்கும் நடுவே மேல், கீழ், இரு பக்கம் என நான்கு இடங்களிலும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 150 மில்லிமீட்டர் கப்ளிங்கில் வித்தியாசம் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சாஃப்ட் குழல் வழியே கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் கிளாண்டில் பழைய கயிறு பேக்கிங்கை முழுவதும் எடுத்துவிட்டுப் புதியதை வளையம் வளையமாக வெட்டிப் போட்டு, இணைப்புகள் ஒன்றன் மேல் ஒன்று வராமல் மாற்றி மாற்றி வையுங்கள். சாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழட்டும். சொட்டே விழாமல் இறுக்கினால் சாஃப்ட் சூடேறித் தேயும்.

டீசல் டேங்கைக் காலி செய்து கழுவாமல் புதிய நோசில்களை மாட்டாதீர்கள். தடைக்காலத்தில் பாதி காலியாக நிற்கும் டேங்கில் காற்றின் ஈரம் படிந்து அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கும்.

முதல் ஓட்டத்துக்கு முன், நிறுத்தும் லிவரை இழுத்துப் பிடித்து டீசல் போகாதபடி செய்துவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு கரையில் கட்டிவைத்து மணிக்கணக்காகக் குறைந்த வேகத்தில் ஓட்டுவதுதான் பதம் பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பாரம் இல்லாமல் ஓடினால் ரிங் லைனரோடு ஒட்டிப் பழகாது; லைனர் கண்ணாடிபோல் மினுமினுத்துப் போய், ஆயில் குடிக்கும் குறை புது எஞ்சினிலும் தொடரும். சூடேறியதும் கடலுக்குள் கொண்டுபோய், வேகத்தை அடிக்கடி மாற்றி, பாதி முதல் முக்கால் பாரம் வரை கொடுத்து ஓட்டுங்கள். முதல் சில ஓட்டங்களில் முழு வேகம் வேண்டாம், கனமான இழுவலையும் வேண்டாம்.

முதல் 50 மணி நேரத்துக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்துவிடுங்கள். ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டிய கேஸ்கட்டா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல், வெட்டி மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய மாவுபோல் இருந்தால் புது ரிங் பழகியதன் தூள்தான், கவலை வேண்டாம். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ செதில் செதிலாகத் தெரிந்தால், படகை அடுத்த ஓட்டத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டு, அந்தச் செதில்களின் படத்தை இங்கே போடுங்கள்.